காட்டு வீட்டில் முதல் குளிர்காலமா? ஜாக்கெட்டுக்கு முன் விறகைப் பாருங்கள்

தம்பி, காட்டுக்குள் தனி வீடு, ஒரு மாதத்தில் பனி விழ ஆரம்பிக்கும், எந்த ஜாக்கெட் வாங்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். அப்படி ஒரு வீட்டில் மூன்று குளிர்காலம் தனியாக இருந்தவன் நான். ஜாக்கெட்டை அப்புறம் பார்க்கலாம். உங்கள் வீட்டில் விறகு அடுப்புதான் வெப்பம் என்றால், இன்றைக்கே விறகைப் பாருங்கள்.

விறகு மேலே காய்ந்து தெரியும், உள்ளே ஈரமாக இருக்கும். வெட்டிப் பிளந்து காற்றோட்டமாக அடுக்கினால்கூடக் காய ஆறு மாதமாவது வேண்டும். ஓக் போன்ற கடின மரத்துக்கு இரண்டு வருடம்கூட ஆகும். ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். அதை அளக்கச் சின்னக் கருவி கிடைக்கிறது. துண்டைப் பிளந்து, புதிதாகத் தெரியும் உட்புறத்தில் குத்திப் பாருங்கள். கருவி இல்லையா, இரண்டு துண்டுகளை மோதிப் பாருங்கள். காய்ந்தது 'டங்' என்று கேட்கும், ஈர விறகு 'மொத்' என்று விழும்.

முதல் வருடம் விற்றவர் சொன்னதை நம்பி ஈர விறகை வாங்கிவிட்டேன். தீ சீறிக்கொண்டே இருந்தது, துண்டுகளின் முனையில் நுரை தள்ளியது, அடுப்புக் கண்ணாடி இரண்டே நாளில் கறுத்துவிட்டது. எரிகிற சூட்டில் ஒரு பகுதி அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே போய்விடுகிறது, அறைக்கு வருவதில்லை. அதைவிட மோசம், புகைபோக்கிக்குள் தார் மாதிரி படிகிற கிரியோசோட். அது தீப்பிடித்தால் வீடே போய்விடும். தீயணைப்பு வண்டி வர எவ்வளவு நேரம் ஆகும் என்று உங்கள் சாலையைப் பார்த்தாலே தெரியும். பனிக்கு முன்பே ஆளை வரவழைத்துப் புகைபோக்கியைச் சுத்தம் செய்துவிடுங்கள்.

அதோடு கார்பன் மோனாக்சைடு அலாரம். படுக்கும் இடத்தருகே ஒன்று கட்டாயம் வேண்டும். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் என்று சாதாரணக் காய்ச்சல் போலத்தான் ஆரம்பிக்கும். தனியாகத் தூங்குகிறவரை எழுப்ப வேறு யாரும் இல்லை. ஜெனரேட்டர் இருந்தால் வெளியே, வீட்டிலிருந்து ஆறு மீட்டராவது தள்ளி வைத்து ஓட்டுங்கள். அள்ளிய சாம்பலை மூடியுள்ள இரும்பு வாளியில் போட்டு வெளியே மண் தரையில் வையுங்கள். உள்ளே தணல் சில நாள் வரை உயிரோடு இருக்கும்.

கிணற்று பம்ப் மின்சாரத்தில் ஓடுகிறது என்றால், மின்சாரம் போன அன்றே தண்ணீரும் போய்விடும். கேன்களில் பிடித்து வையுங்கள். பனியை உருக்கிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள், புதுப் பனி பத்து லிட்டர் உருக்கினால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர்தான் மிஞ்சும். மெயின் வால்வு எங்கே என்று இப்போதே கண்டுபிடியுங்கள். குழாய் உறைந்து வெடித்த பிறகு இருட்டில் தேடக்கூடாது.

இலையுதிர் காலம் பல நாடுகளில் வேட்டைக் காலமும்கூட. காட்டில் நடக்கப் போனால் பளிச்சென்ற ஆரஞ்சு நிற மேலாடை போடுங்கள். குளிரில் போன் பேட்டரி சட்டென்று இறங்கிவிடும், அதனால் உள்சட்டைப் பையில் உடம்போடு ஒட்டி வையுங்கள்.

கடைசியாக ஒன்று, இதைத் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். உடல் வெப்பம் 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் புத்தி குழம்ப ஆரம்பித்துவிடும். தனக்கு ஆபத்து என்றே தெரியாது. எதிரே ஒருவர் இருந்தால் பேச்சு குழறுவதைக் கவனிப்பார், உங்களுக்கு அப்படி யாரும் இல்லை. அதனால் நானும் ஒரு நண்பனும் ஓர் ஏற்பாடு வைத்திருந்தோம். தினமும் மாலை ஆறு மணிக்கு நான் பேச வேண்டும். ஆறரை வரை பேசவில்லையென்றால் அவன் கூப்பிடுவான். எட்டு மணிக்கும் பதில் இல்லையென்றால் மீட்புக் குழுவுக்குச் சொல்லிவிடுவான். வீட்டின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை அவனிடம் கொடுத்திருந்தேன், என் கதவுக்குப் பின்னாலும் எழுதி ஒட்டியிருந்தேன். சிக்னல் இல்லாத இடமென்றால் செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவி வாங்குங்கள். ஜாக்கெட்டுக்கு வைத்திருக்கும் பணம் முதலில் அதற்குப் போகட்டும்.

இன்று மாலைக்குள் ஒரு துண்டைப் பிளந்து பார்த்துவிட்டு எழுதுங்கள். ஈரமாக இருந்தால், பனிக்கு முன் காய்ந்த விறகு வாங்க இன்னும் நாள் இருக்கிறது.