பின் லாடனைச் சுட்டது சரியா? விசாரணை வேண்டாமா?

கதிரவன்:
2011 மே 2 அதிகாலையில் அமெரிக்க சீல் படையினர் பாகிஸ்தானின் அபோத்தாபாத்தில் ஒரு வீட்டுக்குள் புகுந்து ஒசாமா பின் லாடனைச் சுட்டுக் கொன்றார்கள். "நீதி நிலைநாட்டப்பட்டது" என்றார் ஒபாமா. என்னால் ஏற்க முடியவில்லை. அவரிடம் ஆயுதம் இல்லை என்று வெள்ளை மாளிகையே மறுநாள் சொன்னது. குற்றப்பத்திரிகையோ 1998-லேயே நியூயார்க்கில் தயார். பிறகு ஏன் கூண்டில் ஏற்றவில்லை?

பாலா:
செப்டம்பர் 11 அன்னிக்குக் கிட்டத்தட்ட 3,000 பேர் செத்தாங்களே, மறந்தாச்சா? இருட்டுல மாடியேறுற வீரனுக்கு, எதிர்ல நிக்கிறவன் இடுப்புல வெடிகுண்டு இருக்கான்னு எப்படித் தெரியும்? போர்ல எதிரித் தளபதியைச் சுடறது குற்றமில்லை. அப்போ அமெரிக்க அட்டர்னி ஜெனரலா இருந்த எரிக் ஹோல்டரும் தேசத் தற்காப்புன்னுதான் சொன்னார்.

கதிரவன்:
வீரரை நான் குறை சொல்லவில்லை, பாலா. கொன்றதற்கு நீதி என்று பெயர் வைத்ததைத்தான் கேட்கிறேன். மும்பையில் சுட்டுத் தள்ளிய கசாப்புக்கே வக்கீல் வைத்து, உச்ச நீதிமன்றம் வரை கேட்டு, 2012-ல்தான் தூக்கு. அதே வழக்கில் இரண்டு பேர் ஆதாரம் போதாமல் விடுதலையானார்கள். விசாரணை இல்லாவிட்டால் அவர்கள் கதி?

பாலா:
செப்டம்பர் 11 தாக்குதலைத் திட்டம் போட்ட காலித் ஷேக் முகமதை 2003-ல பிடிச்சாங்க. குவாண்டனாமோ அமெரிக்க ராணுவச் சிறையில வழக்கு இழுத்துக்கிட்டே போகுதே!

மலர்விழி:
ஏன் இழுக்கிறது என்பதையும் சொல்லுங்கள். சிஐஏ அவரை 183 முறை தண்ணீர் ஊற்றி மூச்சுத்திணற வைத்தது. அப்படி வதைக்கப்பட்டவரிடம் பின்னால் வாங்கிய வாக்குமூலம் செல்லுமா என்பதிலேயே ஆண்டுகள் போயின. 1993 உலக வர்த்தக மையக் குண்டுவெடிப்பு வழக்கில் ரம்சி யூசுஃபுக்கு ராணுவம் சாராத சாதாரண நியூயார்க் நீதிமன்றம் ஆயுள் தண்டனை கொடுத்ததே, அங்கே என்ன குறைந்தது? இன்னொன்று: பின் லாடன் இருந்த வீடு பாகிஸ்தானின் காக்குல் ராணுவ அகாடமிக்கு ஒரு மைல்கூட இல்லை. அவரை அங்கே யார் ஒளித்து வைத்தது என்று அவரிடமே குறுக்கு விசாரணை செய்திருக்கலாம். அன்று அந்த வீட்டில் இருந்த புஷ்ரா என்ற பெண்ணும் குண்டடிபட்டு இறந்தார். அவருக்காக எந்தக் கோர்ட்டும் கேட்கவில்லை.

பாலா:
புஷ்ரா விஷயம் எனக்கும் உறுத்துதுங்க. ஆனா 1999 காந்தஹாரை நினைச்சுப் பாருங்க. விமானத்தைக் கடத்தி, ஜெயில்ல இருந்த மசூத் அசாரை மீட்டாங்க. வெளியே போனவன் ஜெய்ஷ்-இ-முகமதுங்கிற பயங்கரவாத அமைப்பைத் தொடங்கினான். பின் லாடன் உயிரோட ஜெயில்ல இருந்தா எத்தனை விமானம்?

கதிரவன்:
கசாப்பை நாலு வருஷம் சிறையில் வைத்திருந்தோம். ஒரு விமானமும் கடத்தப்படவில்லையே.

பாலா:
கசாப் வெறும் அடியாள், சார். அவனுக்காக யாரும் விமானம் கடத்த மாட்டான். தலைவனுக்காகக் கடத்துவான்.