புதுப் பட்டறைக்குப் பழைய ஜப்பான் மில்லிங் மெஷினா, புதுச் சின்ன மெஷினா?

அச்சுவேலித் தம்பி:
வணக்கம். நானும் அண்ணாவும் அச்சுவேலியில் பட்டறை தொடங்குகிறோம். லேத் இருக்கிறது, சிஎன்சி (கம்ப்யூட்டர் கட்டளையில் ஓடும்) மில்லிங் மெஷின் வாங்க வேண்டும். கையில் உள்ள காசுக்கு இரண்டு வழி. கொழும்பு ஸ்டோர் ஒன்றில் நிற்கும் 90களின் ஜப்பான் மெஷின், பிடி40 ஸ்பிண்டில் (கட்டரைப் பிடித்துச் சுழற்றும் தண்டு; எண் கூடினால் பிடிப்பும் பெரிது), ஃபனுக் கொன்ட்ரோல் (மெஷினை ஓட்டும் ஜப்பான் கம்ப்யூட்டர்). இல்லாவிட்டால் சிங்கிள் பேஸில் ஓடும் புதுச் சின்ன மெஷின், பிடி30. வேலை: படகு சாஃப்டுக்குக் கீவே (பூட்டுக்கட்டை உட்காரும் பள்ளம்), லாண்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு மெஷின்) கியர்பெட்டி, பம்ப் இம்பெல்லர், கொஞ்சம் அலுமினிய அச்சு. எதை எடுக்கலாம்?

சுன்னாகத்தான்:
ஜப்பான் மெஷினை எடுங்கள் தம்பி. வார்ப்பிரும்பின் எடைதான் வெட்டைத் தாங்கும். படகு சாஃப்ட் பெரும்பாலும் ஸ்டெயின்லெஸ். மெஷின் அதிர்ந்தால் கட்டர் கடிக்காமல் உரசும், உரசின இடம் இறுகும், அடுத்த வெட்டில் முனை போய்விடும்.

கொக்குவில் புரோகிராமர்:
அண்ணை, இதை நான் ஏற்கமாட்டேன். எட்டு மில்லிமீட்டர் கீவேக்கு எட்டு மில்லிமீட்டர் கட்டர் போதும், பிடி30 அதைத் தாராளமாகச் செய்யும். பாரமான வெட்டு கியர்பெட்டியின் முகத்துக்கு மட்டும்தான். அப்புறம் கரண்ட். ஜப்பான் திறீ பேஸ் 200 வோல்ட், இங்கே 400. ட்ரான்ஸ்ஃபோமர் இல்லாமல் ஓடாது. பழைய ஃபனுக்கில் பாராமீட்டர் (அந்த மெஷினுக்கான அமைப்பு எண்கள்) எல்லாம் பற்றரி காப்பாற்றும் மெமரியில் இருக்கும். ஸ்டோரில் கரண்ட் இல்லாமல் நின்று பற்றரி செத்திருந்தால் அவையும் போயிருக்கும். கொன்ட்ரோலின் எலெக்ட்ரோனிக் போர்ட் எரிந்தால் யார் வருவார்கள்?

சுன்னாகத்தான்:
ட்ரான்ஸ்ஃபோமர் ஒருதரச் செலவு. மெல்லிய மெஷின் ஒவ்வொரு வேலையிலும் நேரத்தைத் தின்னும். பாராமீட்டர் பயத்துக்கு வழி இருக்கிறது: கரண்ட் கொடுத்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மாட்டோம் என்றால் அடுத்த பஸ்ஸில் ஊருக்கு வாருங்கள். ஓடினால் முதலில் பாராமீட்டரைக் கொப்பி எடுங்கள், பற்றரியை மெஷின் ஓனில் இருக்கும்போதே மாற்றுங்கள்.

பிறகு டயல் கேஜால் (நுண்ணிய அசைவைக் காட்டும் முள் மானி) ஆட்டத்தைப் பாருங்கள், அதாவது திசை திருப்பும்போது மேசை அசையாமல் வீணாகும் தூரத்தை. காந்த அடியை ஸ்பிண்டில் தலையில் ஒட்டி, முள்ளை மேசையில் பிடித்த கட்டையில் முட்ட விடுங்கள். எக்ஸ் அச்சில் மேசையை ஒரு பக்கம் கொஞ்சம் ஓட்டி, 0.01 மில்லிமீட்டராகத் திருப்புங்கள். மூன்று தரம் அப்படித் திருப்பியும் முள் அசையாவிட்டால் குறைந்தது 0.03 ஆட்டம் இருக்கிறது. மேசையின் நடுவிலும் ஓரத்திலும் பாருங்கள், நடுதான் அதிகம் தேயும். ஸ்பிண்டிலை முழு வேகத்தில் அரை மணித்தியாலம் விட்டு மெஷினை நிறுத்தி, ஸ்பிண்டிலின் மூக்கில் கை வையுங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் பேரிங்கைச் சந்தேகியுங்கள்.

வல்வெட்டித்துறை அக்கா:
தண்ணீரை ஒருவரும் பேசவில்லையே. எங்கள் கிணறுகள் சுண்ணாம்புக் கல்லில் இருக்கின்றன, தண்ணீர் கடினம், கரையோரத்தில் உப்பும் சேரும். அந்தத் தண்ணீரில் கூலன்ட் (வெட்டும் இடத்தைக் குளிர்விக்கும் எண்ணெய்) கலந்தால் எண்ணெய் பிரிந்து மேலே படலமாக நிற்கும், மேசை துருப்பிடிக்கும். எந்த மெஷின் என்றாலும் மழைத் தண்ணீரோ ஆர்ஓவில் வடிகட்டின தண்ணீரோ வேண்டும். கம்பிரசர், வைஸ், டூல் ஹோல்டர், கட்டருக்கும் காசு ஒதுக்குங்கள். முழுக் காசையும் மெஷினில் போட்டுவிட்டுக் கட்டருக்குக் கடன் கேட்கக் கூடாது.

கொக்குவில் புரோகிராமர்:
அக்கா சொல்வது சரி. ஆனால் போர்ட் கேள்விக்கு அண்ணை இன்னும் பதில் தரவில்லை. பொருத்தமான பழைய போர்ட் தேடுகிற நாள் எல்லாம் பட்டறை பூட்டித்தான் இருக்கும். புது மெஷின் விற்கிறவரிடம் உத்தரவாதமும் உதிரிப்பாகமும் எழுத்தில் வாங்கலாம்.

சுன்னாகத்தான்:
எழுத்தில் தந்தால் நல்லதுதான். தம்பி, உங்கள் சாஃப்ட் எவ்வளவு நீளம்?

அச்சுவேலித் தம்பி:
ஐந்து, ஆறு அடி.

சுன்னாகத்தான்:
அப்போ இரண்டு மெஷினிலும் சாஃப்ட் வெளியே நீட்டும். மெஷினின் பக்கத் தகடு கழருமா, வெளியே ஸ்டாண்ட் வைத்துத் தாங்கலாமா என்று பாருங்கள். சின்ன மேசையில் சாஃப்டைத் தாங்கும் வி வடிவக் கட்டை (வி-புளொக்) இரண்டு வைக்கவே இடம் காணாது.

அச்சுவேலித் தம்பி:
ஓம் அண்ணை. டயல் கேஜோடு கொழும்புக்குப் போகிறோம். ஓட்டிக் காட்டி, ஆட்டம் 0.03க்குள் இருந்து, தகடும் கழன்றால் அட்வான்ஸ் கொடுப்போம். அதற்கு முன் ட்ரான்ஸ்ஃபோமர் விலை கேட்க வேண்டும். ஓட்டிக் காட்டாவிட்டால் கொக்குவில் அண்ணா சொன்ன புதுச் சின்ன மெஷின்தான், வி-புளொக் இடத்தை அளந்து பார்த்துவிட்டு.