குப்பைமேட்டை விரிவாக்கும்போது உங்கள் கண்ணில் பட்டது என்ன?

சாம்பிள்பாட்டில்:
ஊர்ப் பெயர் வேண்டாம். குப்பைமேட்டைப் பக்கத்துப் புறம்போக்கு வரைக்கும் பெருக்க அனுமதி கேட்டிருந்தார்கள், நான் ஆய்வறிக்கை தயாரிக்கும் கம்பெனியில் தண்ணீர் சாம்பிள் எடுக்கும் பையன். கையில் கொடுத்த வரைபடத்தில் மூன்று கிணறு, மூன்றும் மேட்டுக்கு மேற்கே. அந்தப் பக்கம் நிலம் கிழக்கே சரிகிறது, வாய்க்கால் போகிற போக்கைப் பார்த்தாலே தெரியும். பதினோரு மணிக்கே வேலை முடிந்துவிட்டது, சும்மா கிழக்கே நடந்தேன். அங்கே ஒரு கிணறு, இறைத்த வாளியில் தண்ணீர் டீ டிக்காஷன் நிறத்தில் இருந்தது. வெயிலில் வந்த பிள்ளை என்று ஒரு அக்கா சொம்பு நிறைய மோர் கொண்டுவந்து நீட்டினார். கையில் வாங்கிவிட்டு, வாயில் வைக்கும் முன்னால் "இது எந்தத் தண்ணியில கலக்கினதுக்கா?" என்று கேட்டுவிட்டேன். "எங்களுக்கு எந்தத் தண்ணியோ அதுதான் தம்பி" என்றார், கோபமெல்லாம் இல்லை. அந்தக் கிணறு அறிக்கையில் வரவே இல்லை. என் பெட்டியில் காலி பாட்டில் ஒன்று மிச்சம் இருந்தது, அதை நான் நிரப்பவில்லை.

டோசர்காரன்:
பன்னிரண்டு வருஷம் குப்பைமேட்டில் டோசர் ஓட்டியவன், வேறு ஊர். அன்றன்றைக்குக் கொட்டினதை 10 செ.மீ. மண் போட்டு மூடணும், மழைக்கு முன்னால் 40லிருந்து 65 செ.மீ. வரைக்கும் போட்டு இறுக்கணும், விதியில் இருக்கிறது. மண் லோடு வந்தால்தானே மூட. ஒரு ஐப்பசியில் நாலு நாள் விடாத மழை, ஐந்தாம் நாள் ஏறிப் பார்த்தால் உச்சியில் வெடிப்பு. விளிம்பிலிருந்து பத்தடி உள்ளே, கை நுழைகிற அகலம், அரைவட்டமாக வளைந்து போகிறது, உள்ளிருந்து ஆவி. அதன் ஓரத்தில் பிளாஸ்டிக் பொறுக்குகிறவர் ஒருத்தர் குத்தவைத்துப் பீடி பற்றவைக்கப் போனார். கத்தினேன், இன்ஜின் சத்தத்தில் காதில் விழவில்லை, இறங்கி ஓடிப்போய்த் தட்டிவிட்டேன், அவர் என்னை அடிக்க வந்தார். சூப்பர்வைசரிடம் சொன்னதற்கு "ரெண்டு லோடு கொட்டி வெடிப்பை மூடு" என்றார். சரியப் போகிற மேட்டின் தலையில் மேலும் பாரம். கொட்டினேன். வேறென்ன சொல்ல.

சிவில்_மணி:
முதல் பதிவு போட்ட தம்பிக்கு, விரிவாக்கம் என்றாலே நாசம் என்று பேசுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பழைய மேட்டுக்கு அடியில் வெறும் மண்தான். புதுப் பகுதிக்கு விதிப்படி 90 செ.மீ. களிமண்ணை இறுக்கி, அதன் மேல் 1.5 மி.மீ. ஹெச்டிபிஇ என்கிற கெட்டி பிளாஸ்டிக் விரிப்பு போட்டாக வேண்டும். ஒழுங்காகச் செய்தால் புதியதுதான் பாதுகாப்பு. என் அனுபவம் சின்னது: ஜல்லி லாரி ஒன்று விரிப்பின் மேலேயே திரும்பி ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு ஓட்டை போட்டது, கூட இருந்தவர் செருப்புக் காலால் மணலைத் தள்ளி மூடினார், நான் பார்த்துவிட்டதால் ஒட்டுப் போட்டார்கள்.

அப்புறம், உங்கள் ஊரில் அறிக்கை வந்தால் முதலில் நிலத்தடி நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்ற படத்தைத் தேடுங்கள். அது இல்லை என்றால் மீதியைப் படிக்கவே வேண்டாம். தண்ணீர் வருகிற மேல்பக்கம் ஒரு கிணறு, போகிற கீழ்ப்பக்கம் பல கிணறு, மழைக்கு முன்னும் பின்னும் சோதனை. குளோரைடைப் பாருங்கள், அது மண்ணில் ஒட்டாமல் தண்ணீரோடு போய்விடும், கசிவுநீர், அதாவது குப்பையிலிருந்து ஊறி வடிகிற அழுக்குத் தண்ணீர், வந்தால் முதலில் காட்டிக்கொடுப்பது அதுதான். விரிப்புத் துண்டுகளை இணைத்த ஒட்டுகளுக்கு நடுவே காற்றடித்துச் சோதித்த பதிவேடு கேளுங்கள். கசிவுநீர்த் தொட்டியை எந்த மழைக் கணக்கில் கட்டினார்கள் என்று கேளுங்கள், சராசரி மழை என்றால் ஐப்பசியில் அது வாய்க்காலுக்குத்தான் வழியும். பழைய மேட்டின் மேலேயே புதியதை ஏற்றுவதாகச் சொன்னால் உஷார், மக்குகிற குப்பை சீராக உட்காராது, விரிப்பு இழுபட்டுக் கிழியும். மக்குகிற குப்பையிலிருந்து வருகிற மீத்தேன் வாயு காற்றில் 5 முதல் 15 சதவீதம் கலந்தால் வெடிக்கும், எனவே ஒட்டியிருக்கிற வீடுகளில், மூடின அறைகளில், வாயு அளக்கச் சொல்லுங்கள். வீடுகளுக்கு 200 மீட்டர், ஆற்றுக்கு 100 மீட்டர் தள்ளி இருக்கணும் என்பது சட்டம், எல்லைக்கல்லிலிருந்து நீங்களே டேப் பிடிக்கலாம்.

துரைப்பாக்கம்:
அண்ணே, அந்தத் தம்பி விரிவாக்கம் கூடாது என்று எங்கே சொன்னார்? மூன்று கிணற்றையும் மேல்பக்கம் வைத்தார்கள் என்கிறார். நீங்கள் சொல்கிற விரிப்பு, களிமண் எல்லாம் சரி, இடமே தப்பாக இருந்தால்? சென்னைப் பெருங்குடியில் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்திலேயே கொட்டி இருநூறு ஏக்கருக்கு மேல் பெருக்கிவிட்டு, பிறகு தோண்டிச் சலித்து எடுக்க ஆரம்பித்தார்கள். 2022 ஏப்ரலில் அது எரிந்தபோது ஜன்னல் இடுக்கில் ஈரத்துண்டைத் திணித்துவிட்டு உட்கார்ந்திருந்தோம், காலையில் துண்டின் வெளிப்பக்கம் சாம்பல் நிறத்தில் இருந்தது. அதே வருஷம்தான் பள்ளிக்கரணைக்கு, உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம் கிடைத்தது, இதை என்ன சொல்ல.

கொலன்னாவைப்பிள்ளை:
டோசர் அண்ணா எழுதின வெடிப்பை வாசித்தபோது கை நடுங்கினது. கொழும்புக் குப்பை கொட்டின மீத்தொட்டமுல்ல, 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு அன்றைக்குப் பின்னேரம் மேடு சரிந்தது, முப்பது பேருக்கு மேல் செத்தார்கள். கொட்டத் தொடங்கியபோது சின்னத் துண்டு நிலம்தான், தற்காலிகம்தான் என்றார்கள். அந்த ஒழுங்கையில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், புத்தாண்டுக்கு முதல் கிழமை முன்கதவு சட்டத்தில் பொருந்தவில்லை. பெயின்ட் தடிப்பு, மழையில் பலகை ஊதிவிட்டது என்று நினைத்து தச்சரைக் கூப்பிட்டுச் சீவினார்கள். நானும் நின்று பார்த்தேன், சுருள் சுருளாக விழுந்தது. ஊதினது கதவு இல்லை, நிலம் நகர்ந்திருக்கிறது. மணி அண்ணாவின் நீளமான பட்டியலில் இது இல்லை: மேட்டடியில் உள்ள வீடுகளில் கதவு சரியாகச் சாத்துப்படுகிறதா என்று போய்ப் பாருங்கள். அதற்குப் பிறகு கொழும்புக் குப்பையைப் புத்தளத்தில் அறுவக்காட்டுக்குக் கொண்டுபோகப் பார்த்தார்கள், அங்குள்ள சனமும் வேண்டாம் என்றுதான் மறியல் இருந்தார்கள்.

சிவில்_மணி:
கதவு விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, குறித்துக்கொண்டேன். சரிவு மதிப்பீட்டைத் தனியாக எழுதுகிறேன், இன்று இரவு.

டோசர்காரன்:
எழுதுங்க, ஆனா கொஞ்சம் சின்னதா. பாட்டில் தம்பி, கடைசியில் அந்த மோரைக் குடித்தீர்களா இல்லையா?

சாம்பிள்பாட்டில்:
குடித்தேன். உப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்தது. அக்கா போட்ட உப்பா, கிணற்று உப்பா என்று தெரியவில்லை. பாட்டில் ஒன்று நிரப்பியிருந்தால் தெரிந்திருக்கும்.