ஃபெஸ் நகரத்துத் திருமணத்துக்கு அழைப்பு: எத்தனை மணிக்குப் போவது, என்ன கொண்டுபோவது?

காசாபிளாங்காவாசி:
மொராக்கோவுக்கு வேலைக்கு வந்து ஓராண்டுகூட ஆகவில்லை. உடன் வேலை செய்பவர் தம் தங்கையின் திருமணத்துக்கு ஃபெஸ் வரச்சொல்லி அழைத்திருக்கிறார். அழைப்பில் இரவு ஒன்பது மணி என்று இருக்கிறது; "அவசரப்பட்டு வந்துவிடாதே" என்று சிரிக்கிறார். எப்போதுதான் போவது? மொய் உண்டா? மனைவி சைவம். அவள் பட்டுப்புடவை கட்டி வரலாமா?

ரபாத் அக்கா:
தம்பி, பத்தரைக்குப் போங்கள். ஒன்பதுக்குப் போனால் நாற்காலிக்கு உறை மாட்டுகிறவர்கள்தாம் வரவேற்பார்கள். வாசலில் பாலும் பேரீச்சம்பழமும் தந்தால் மறுக்காதீர்கள்.

அன்றைய இரவில் பெண்ணின் தாயைவிட அதிகாரம் படைத்தவள் நெகாஃபா. உடையும் நகையும் வாடகைக்குத் தருபவள், அலங்கரிப்பவள், மணமகள் எப்போது எழ வேண்டும், எங்கே உட்கார வேண்டும் என்று முடிவு செய்பவள் எல்லாம் அவளே. மணமகள் பலமுறை உடை மாற்றுவாள். ஒவ்வொரு முறையும் நெடுநேரம் கண்ணில் படமாட்டாள். கஃப்தான், இரண்டடுக்குத் தக்ஷிதா, சஹாராப் பெண்களின் மெல்ஹஃபா என்று வரிசை நீளும். கடைசியில் பெரும்பாலும் வெள்ளை கவுன், கேக்.

ஃபெஸ் உடையைத் தவறவிடாதீர்கள். விறைப்பான ஜரிகைத் துணி, தலையில் கிரீடம், மார்பு மறைய முத்துச் சரங்கள். என் பக்கத்து வீட்டுப் பெண் அந்தக் கோலத்தில் கழுத்தைத் திருப்ப முடியாமல், கண்ணாலேயே என்னிடம் தண்ணீர் கேட்டாள். நான் எழுவதற்குள் நெகாஃபாவின் உதவியாள் உறிஞ்சுகுழலோடு வந்துவிட்டாள். அப்படியே மணமகளை அமாரியா என்னும் பல்லக்கில் உட்காரவைத்து நான்கு பேர் தோளில் தூக்கி ஆடுவார்கள். பெண்கள் குலவையிடுவார்கள், மனைவிக்குக் குலவை வருமென்றால் தாராளமாகச் சேர்ந்துகொள்ளலாம்.

பட்டுப்புடவை அருமையான யோசனை. அங்கே பெண்கள் எவரும் எளிமையாக வரமாட்டார்கள்.

சாப்பாட்டில்தான் சிக்கல். பஸ்தீலாவைப் பார்த்தால் மேலே சர்க்கரையும் இலவங்கப்பட்டைப் பொடியும் தூவிய இனிப்புப் பணியாரம் என்று தோன்றும். உள்ளே பாதாமோடு புறாவோ கோழியோ இருக்கும். சில வீடுகளில் மீன், இறால். அடுத்து உலர்ந்த பிளம்ஸ் போட்ட இறைச்சி. மனைவி சைவம் என்று உங்கள் நண்பரிடம் இப்போதே சொல்லிவையுங்கள். இல்லாவிட்டால் மனைவிக்கு ரொட்டி, பழம், பாதாம் இனிப்பு, புதினாத் தேநீர்தான். அதுவும் நள்ளிரவுக்கு மேல்! வீட்டிலேயே ஏதாவது சாப்பிட்டுக் கிளம்புவது நல்லது.

அகாதிர்க்காரன்:
அக்கா சொல்வது ஃபெஸ், ரபாத் பக்கத்து வழக்கம். இதையே மொராக்கோ முழுமைக்கும் பொருத்திவிட வேண்டாம். தெற்கே சூஸ் மலைக் கிராமங்களில், பூர்வகுடிகளான அமாஸிக் மக்களின் திருமணம் சில நாட்கள் நீளும். வெள்ளி நகை, அம்பர் மணிகள். திறந்த முற்றத்தில் பெந்தீர் பறை முழங்க அஹ்வாஷ் ஆட்டம். எனக்கு அதுதான் பிடிக்கும். மண்டபத்து ஒலிபெருக்கியில் காது போய்விடுகிறது.

மொய்யைப் பொறுத்தவரை உறையில் பணம் வைத்துக் கொடுக்கலாம், பரிசுப் பொருளும் தரலாம். பழைய வழக்கப்படி கொடுக்க விரும்பினால் கூம்பு வடிவச் சர்க்கரைக் கட்டி கடையில் கிடைக்கும், ஒன்று 2 கிலோ. பெரியவர்கள் முகம் மலர்ந்து வாங்கிக்கொள்வார்கள்.

காசாபிளாங்காவாசி:
மிக்க நன்றி. நிக்காஹ்வும் அங்கேயே நடக்குமா?

ரபாத் அக்கா:
பெரும்பாலும் முன்பே முடிந்திருக்கும். அதூல் எனப்படும் இரண்டு பதிவாளர்கள் வந்து ஒப்பந்தத்தை எழுதுவார்கள். மஹர் தொகையும் அதில் பதிவாகும். 2004-ஆம் ஆண்டுக் குடும்பச் சட்டத்துக்குப் பிறகு, வயது வந்த பெண் தானே ஒப்பந்தம் செய்துகொள்ளலாம், காப்பாளர் கட்டாயமில்லை. ஆனாலும் தந்தையை முன்னிறுத்தும் பெண்கள் நிறைய.

அகாதிர்க்காரன்:
மண்டபம் எங்கே என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஃபெஸ் நகரத்துச் சிவப்புச் சிறு டாக்ஸிகள் ஊர் எல்லையைத் தாண்டா. மூன்று பேருக்கு மேல் ஏற்றவும் மாட்டார்கள். மண்டபம் ஊருக்கு வெளியே என்றால் திரும்பி வருவதற்கும் வண்டியை முன்கூட்டியே பேசிவையுங்கள். எல்லாம் முடிய விடிந்துவிடும்.