தாதியர் படிப்பில் சேர முன் நாங்கள் பட்டவை: திருகோணமலைக்காரர் அனுபவங்கள்

சாம்பல்தீவிலிருந்து

ஏ.எல் (உயர்தரப் பரீட்சை) பெறுபேறு வந்தால் போதும், "அக்கா, நேர்சிங் எங்கே படிக்கலாம்?" என்று நாலைந்து தங்கச்சிமாராவது கேட்டுவிடுவார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட என் கதையை இங்கே எழுதிவிடுகிறேன். நீங்களும் உங்கள் அனுபவத்தைச் சேர்த்துவிடுங்கள்.

நான் உயிரியல் பிரிவில் மூன்று 'எஸ்' (சாதாரண சித்தி) எடுத்தவள். கம்பஸுக்கு எடுக்கப் பார்க்கிற இசட் ஸ்கோர் புள்ளி காணாது. இன்னொரு முறை எழுது என்று வீட்டில் சொன்னார்கள். அப்பா கடலுக்குப் போகிறவர், மறுபடியும் ஒரு வருடம் ரியூசன் காசுக்கு அவரை அலைக்க மனம் வரவில்லை, நான்தான் மாட்டேன் என்றேன். அந்த நேரம் ஒரு தனியார் நிலையம் 'தாதியர் டிப்ளோமா' என்று பெரிதாக பனர் கட்டியிருந்தது. அம்மாவின் காப்பு அடகுக்குப் போனது. வெள்ளை உடுப்பு தைத்தோம், போட்டோ எடுத்து மாமி வீட்டுக்கெல்லாம் அனுப்பினோம்.

எட்டு மாதம் கழித்துத்தான் விஷயம் விளங்கியது. எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஓய்வுபெற்ற மிஸ்ஸி (தாதி) ஒருவர் சாதாரணமாகக் கேட்டார்: "பிள்ளை, இதை முடித்தால் தாதியர் சபையில் பதியலாமா?" அப்படி ஒரு சபை இருப்பதே எனக்குத் தெரியாது. நிலையத்தில் போய்க் கேட்டால், முதலில் முடியுங்கள், பிறகு பார்க்கலாம் என்றார்கள். கடைசியில் பார்த்தால் கிடைக்கப்போவது பராமரிப்பாளருக்கான என்விக்யூ (தேசிய தொழில் தகைமை) சான்றிதழ். பராமரிப்பாளர் வேலை குறைந்த வேலை என்று நான் சொல்லவே மாட்டேன், படுக்கையில் கிடக்கும் ஒரு முதியவரைக் குளிப்பாட்டிச் சோறூட்டுகிறவர்களின் பொறுமை எல்லோருக்கும் வராது. ஆனால் அது தாதியர் படிப்பு அல்ல. அதை அதுவென்று சொல்லித்தான் காசு வாங்கியிருக்க வேண்டும், எனக்கு இன்றைக்கும் ஆறாதது அதுதான்.

1988ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வருவது இலங்கை தாதியர் சபை. தாதியாக வேலை செய்ய அதில் பதிவு வேண்டும். வெளிநாட்டுக்குப் போகிற எண்ணம் இருந்தாலும் முதலில் கேட்கப்படுவது அந்தப் பதிவுதான். அதனால் தங்கச்சிமாரே, எங்கே சேருவதென்றாலும் காசு கட்ட முன் "இதை முடித்தால் தாதியர் சபையில் பதியலாமா, எழுத்தில் காட்டுங்கள்" என்று நேராகக் கேளுங்கள். வாய்ப்பேச்சை நம்ப வேண்டாம். அங்கே முடித்துப் பதிவு எடுத்த ஒரு ஆளோடு பேச வைக்கச் சொல்லுங்கள். வாட் (நோயாளர் விடுதி) பயிற்சி எந்த வைத்தியசாலையில், எத்தனை மாதம் என்றும் கேளுங்கள். முகம் சுளித்தால் எழும்பி வந்துவிடுங்கள்.

பிறகு எனக்குக் கைகொடுத்தது அரசாங்க அறிவித்தல்கள் வரும் வர்த்தமானிதான். அரசாங்கத் தாதியர் பயிற்சிக் கல்லூரிகளுக்கு சுகாதார அமைச்சு அதில்தான் விண்ணப்பம் கோரும். மூன்று வருடப் பயிற்சி, கட்டணம் இல்லை, மாதக் கொடுப்பனவும் உண்டு. ஆனால் ஒவ்வொரு வருடமும் கூப்பிடுவார்கள் என்று இருந்துவிடக் கூடாது. அழைப்பு வரும்போது எந்த வருட ஏ.எல் என்று போட்டிருப்பார்கள், அதைத் தவறவிட்டால் போச்சு. வெள்ளிக்கிழமைகளில் அரச அச்சகத் திணைக்களத்தின் தளத்தைத் திறந்து பார்ப்பது எனக்கு ஒரு நேர்த்தி மாதிரி ஆகிவிட்டது.

நேர்முகத்துக்குக் கடிதம் வந்த பிறகுதான் அடுத்த இடி. என் பிறப்பு அத்தாட்சிப்பத்திரத்தில் அப்பாவின் பெயரில் 'ள' வரவேண்டிய இடத்தில் 'ல'. அடையாள அட்டையில் சரியாக இருக்கிறது. ஒரே ஒரு எழுத்து! சமாதான நீதவானிடம் ஓடிச் சத்தியக்கடதாசி முடித்தேன், கிராம சேவகரிடம் ஒரு கடிதம், பிரதேச செயலகத்தில் இரண்டு நாள். வர்த்தமானி வரும்வரை காத்திருக்காமல் இன்றைக்கே உங்கள் பத்திரங்களை ஒரு மேசையில் பரப்பி ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள்.

மட்டக்களப்புக் கல்லூரி கிடைத்தது. அங்கே போய் அழுதது ஆங்கிலத்தால். ஏ.எல் முழுக்கத் தமிழில் படித்துவிட்டு, முதல் நாளே எலும்புகளின் பெயர் ஆங்கிலத்தில். பெறுபேறுக்கும் பயிற்சிக்கும் இடையில் கிடைக்கிற மாதங்களை வீணாக்காதீர்கள். உடலுறுப்புகளின் ஆங்கிலப் பெயர்களை ஒரு கொப்பியில் எழுதி வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

கணக்கும் வேண்டும். இரவு டியூட்டியில் கல்குலேட்டர் தேடிக்கொண்டிருக்க முடியாது. 500 மில்லி லீற்றர் சேலைன் 4 மணித்தியாலத்தில் ஏற வேண்டும், ஒரு மில்லி லீற்றருக்கு 20 துளி விழுகிற செற் (சேலைன் ஏற்றும் குழாய்) என்றால், 500ஐ 20ஆல் பெருக்கி 240 நிமிடத்தால் பிரிக்க வேண்டும். நிமிடத்துக்கு 42 துளி அளவில் வரும். பிறகு செக்கன் முள் உள்ள மணிக்கூட்டைத் துளிக்குப் பக்கத்தில் பிடித்து, 15 செக்கனுக்குப் பத்து, பதினொன்று விழுகிறதா என்று எண்ணி, குழாயில் உள்ள உருளையை மெல்லத் திருப்ப வேண்டும். இதை இப்போதே பழகலாம், ஏழாம் வகுப்புக் கணக்குத்தான்.

கிண்ணியாவிலிருந்து

ராத்தா சொன்ன பராமரிப்பாளர் சான்றிதழ் விஷயம் என் மச்சிக்கும் நடந்தது. நான் பட்டப்படிப்பு வழியாக வந்தவள், அதைக் கொஞ்சம் சொல்கிறேன். நான்கு வருடம், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு மூலம்தான் அனுமதி. இங்கே நிறையப் பேர் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி (திருகோணமலை) கம்பஸிலேயே நேர்சிங் இருக்கிறதென்று நினைக்கிறார்கள். நான் படித்தது அங்கே இல்லை, அதே கிழக்குப் பல்கலைக்கழகத்தின் மட்டக்களப்பு சுகாதாரப் பராமரிப்பு விஞ்ஞான பீடத்தில். யாழ்ப்பாணத்திலும் இருக்கிறது. படிவத்தில் துறைகளை வரிசைப்படுத்தும்போது மருத்துவம், பல் மருத்துவம் என்று மேலே போட்டுவிட்டு நேர்சிங்கைப் போடாமல் விட்ட பிள்ளைகளை எனக்குத் தெரியும். இசட் ஸ்கோர் போதுமாக இருந்தும் படிவத்தில் இல்லாததால் கிடைக்கவில்லை. எங்கள் மாவட்டம் பின்தங்கிய 16 மாவட்டங்களில் ஒன்று, அதற்கும் தனியாக இடம் ஒதுக்குகிறார்கள், ஆகவே கிடைக்காது என்று நீங்களாக முடிவுகட்டிவிட வேண்டாம்.

வாப்பா முதலில் விடவில்லை. இரவு வேலை, ஆண் நோயாளிகள், தூரம். நான் வாதாடவில்லை. உம்மும்மாவுக்குச் சத்திரசிகிச்சை நடந்து திருமலை வைத்தியசாலையில் ஒரு கிழமை கிடந்தபோது பர்தாவோடு ஒரு மிஸ் நடு இரவில் மூன்று தரம் வந்து பிரஷர் பார்த்ததை வாப்பா வாசலில் நின்று பார்த்தார். வீட்டுக்கு வந்ததும் படிவத்தைக் கொண்டுவரச் சொன்னார். இப்போது வெருகல் பாதையால் பஸ்ஸில் வந்துபோகிற தூரம்தானே என்று அவரே மற்றவர்களுக்குச் சொல்கிறார்.

தம்பலகாமத்திலிருந்து

ஆண் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. எங்களையும் எடுக்கிறார்கள். ஊரில் "பொம்பிளையள் வேலைக்கா போறாய்?" என்று கேட்டார்கள், கேட்கட்டும். விபத்துப் பிரிவில் ஒரு ஆளைத் தூக்கித் திருப்ப எத்தனை கை வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியாது. சிங்களமும் பேசப் பழகிக்கொள்ளுங்கள் தம்பிமாரே, நியமனம் எந்த ஊருக்கு என்று யார் கண்டது. "எங்கே வலிக்கிறது" என்று நோயாளியின் மொழியில் கேட்க முடியாமல் நின்ற நாள் எனக்கு மிகவும் வெட்கமாக இருந்தது.

உப்புவெளியிலிருந்து ஒரு அம்மா

என் மகளுக்கு நேர்சிங்தான் வேண்டுமாம். ஆனால் மீன் வெட்டும்போது கை அறுபட்டாலே மயங்கிவிடுகிறாள். இவளால் முடியுமா பிள்ளைகள்? அல்லது வேறு படிப்பு பார்க்கட்டுமா?

மீண்டும் சாம்பல்தீவிலிருந்து

அன்ரி, நானும் அப்படித்தான். முதல் தடவை ஒரு ஐயாவின் காலில் இருந்த சலரோகப் புண்ணுக்கு மருந்து கட்டும்போது காது அடைத்து, கண் இருண்டு, ட்றேயை விட்டுவிடுவேன் போல இருந்தது. பொறுப்பு மிஸ் ஏசவில்லை. ஜன்னலோரம் ஒரு ஸ்ரூலில் இருத்தி, தலையைக் குனியச் சொல்லி, தண்ணீர் தந்தார். அடுத்த நாள் மருந்து கட்டும் வேலையைத் தராமல் அந்த ஐயாவின் பக்கத்தில் நின்று அவரோடு பேசச் சொன்னார். அவர் மூதூர்ப் பக்கம் வயல் செய்கிறவர், எந்த நெல் விதைத்தது, மாடு எத்தனை என்று சொல்லிக்கொண்டே போனார். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததில் காலைப் பார்க்கப் பயம் வரவில்லை. நாலாம் நாள் நானே கட்டினேன். காலைச் சாப்பாடு சாப்பிடாமல் மட்டும் வாட்டுக்குப் போக வேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள், அன்றைக்கு நான் வெறும் பிளேன்ரீயோடு போயிருந்தேன்.