டிரைபாயிண்ட் அசலா, நகலா? கண்டறிய உதவி தேவை

சென்ற மார்ச்சில் நெதர்லாந்தின் லெய்டனில் ஒரு பழம்பொருள் கடையில், ஜெர்மன் ஓவியர் மாக்ஸ் லிபர்மான் நோர்ட்வைக் கடற்கரையைக் கண்டு செதுக்கிய டிரைபாயிண்ட் (செம்புத் தகட்டில் ஊசியால் நேரடியாகக் கீறி, மையிட்டு அச்செடுக்கும் படம்) என்று சொல்லப்பட்ட அச்சுப்படம் ஒன்றை வாங்கினேன். அது அசல்தானா என்பதை இன்றுவரை உறுதிசெய்ய முடியவில்லை.

சட்டகத்திலிருந்து கழற்றி 10 மடங்கு உருப்பெருக்கியில் பார்த்ததில் இயந்திர அச்சில் தெரியும் ஆஃப்செட் புள்ளிகள் இல்லை. தகட்டின் அழுத்தத் தடம் நான்கு பக்கமும் விரலுக்குத் தட்டுப்படுகிறது. ஆனால், ஊசி கீறும்போது செம்பில் எழும் பிசிறு மையைப் பிடித்துவைத்துத் தருகிற வெல்வெட் போன்ற கருமை, நீரில் நிற்கும் சிறுவனின் முதுகுக் கோட்டில் மட்டுமே இருக்கிறது. அந்தப் பிசிறு விரைவில் தேய்ந்துவிடும் என்பதால், இது பிந்தைய படியாகவும் இருக்கலாம். பென்சில் கையொப்பத்தை மட்டும் நம்ப எனக்கு மனமில்லை. கடைக்காரரிடமிருந்தும் பதில் வரவில்லை.

தாளுக்குச் சேதமில்லாமல், தேய்ந்த தகட்டின் டிரைபாயிண்டையும் ஹீலியோகிராவ்யூர் (புகைப்பட முறையில் தகடு தயாரித்து அச்சிடும்) நகலையும் பிரித்தறிய, கோடுகளில் எதைப் பார்க்க வேண்டும்?