கங்காருவின் பைக்குள் இருப்பதை என்னவென்று அழைப்பது?

கோத்தகிரி:
வணக்கம். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் வெள்ளிக்கிழமை 'ஆஸ்திரேலியா அறிவோம்' என்று கண்காட்சி வைக்கிறார்கள். அட்டை எழுதும்போது ஒரு மாணவி கேட்டாள்: "டீச்சர், பைக்குள்ள இருக்கிறதும் குட்டி, வெளியே குதிக்கிறதும் குட்டியா?"

நியாயமான கேள்வி. செங்கங்காரு 33 நாளில் ஈன்றுவிடும். பிறப்பது ஒரு கிராம்கூட இருக்காது. ரோமம் இல்லை, கண் திறக்காது. முன்னங்கால்களால் தாயின் ரோமத்தைப் பற்றிப் பற்றி ஏறி, பைக்குள் போய்க் காம்பைக் கவ்விக்கொள்ளும். வெளியே இறங்க ஆறு மாதத்துக்கு மேல் ஆகும். அதற்கு மூத்தது வெளியே மேய்ந்துகொண்டே தலையை மட்டும் உள்ளே விட்டுப் பால் குடிக்கும். இருவருக்கும் இரண்டு காம்பில் இரண்டு வகைப் பால். ஆங்கிலத்தில் எல்லாமே ஜோயிதான். உள்ளே இருப்பதற்கு நமக்கு ஒரு சொல் வேண்டும், நாளைக்குள்.

உதகை:
அம்மா, தொல்காப்பியத்தின் மரபியலில் இளமைப் பெயர் ஒன்பது: பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி. கீரி, வெருகு, எலி, அணில் நான்குக்கும் குட்டி என்கிறார் தொல்காப்பியர். பறழ் என்றாலும் தவறில்லை என்கிறார். ஒட்டகத்துக்கே கன்று என்று இடம் கொடுத்தவர், கங்காருவைக் கண்டிருந்தால் விட்டிருப்பாரா? பைக்குள் இருக்கும்வரை பறழ், இறங்கினால் குட்டி. கங்காரு என்ற பெயரிலேயே வரம்பைக் குறிக்கும் 'கங்கு' இருக்கிறதோ என்று எனக்கு நெடுநாள் ஐயம்.

கூடலூர்:
ஐயா, அது ஆஸ்திரேலியப் பழங்குடிகளான கூகு யிமிதிர் மக்களின் சொல். 1770இல் ஆங்கிலேய மாலுமி ஜேம்ஸ் குக்கின் கப்பல் எண்டெவர் ஆற்றங்கரையில் பழுதுபார்க்க நின்றபோது அவர்களிடம் கேட்டு எழுதிக்கொண்டது. அதற்கு நாம் தமிழ் வேர் தேடினால் அட்டையிலிருந்து அந்த மக்களே காணாமல் போவார்கள். அவர்கள் பெயரையும் எழுதச் சொல்லுங்கள் டீச்சர்.

பறழ் அழகான சொல்தான். ஆனால் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு முறையும் விளக்கவேண்டி வரும். பையுள்ள விலங்குக்குப் பைம்மா என்ற சொல் புழக்கத்தில் இருக்கிறதே, பைக்குட்டி போதாதா?

கோத்தகிரி:
எழுதிக் காட்டினேன். பாதிப் பேர் மோட்டார் பைக் என்று படித்தார்கள்.

உதகை:
அப்படியானால் பைம்மா போலவே மெல்லினம் மிகட்டும்: பைங்குட்டி. இளமையும் சேர்ந்து ஒலிக்கிறது.

கூடலூர்:
பைங்கிளி, பைங்கூழ் என்று பழகிய காதுக்கு அது பச்சைக் குட்டி ஆகிவிடும். அப்புறம் பை எங்கே?

குன்னூர்:
நான் தமிழ் படித்தவளில்லை, தோட்டத்தில் வளர்ந்தவள். எங்கள் அம்மா கொழுந்தைக் கூடையில் போடுவார். வெற்றிலை, சில்லறை, எனக்கு எடுத்துவைத்த முறுக்கு எல்லாம் சேலை மடியில்தான் வரும். மாட்டுக்குப் பால் சுரக்கும் இடமும் மடி. கங்காருவுக்குப் பைக்குள்ளேயே காம்பு என்றால் மடிக்குட்டி என்று சொல்லிவிடலாமே? யூகலிப்டஸ் அங்கிருந்து வந்த மரம். வாசனையைப் பார்த்துக் கற்பூர மரம் என்று நாமே பெயர் வைக்கவில்லையா?

உதகை:
கற்பூரம் எடுக்கிற மரம் வேறு, அம்மா. அந்தக் குழப்பத்தை இன்றும் சுமக்கிறோம். மடி என்றால் சோம்பலும்தான். வள்ளுவர் 'மடியின்மை' என்று ஓர் அதிகாரமே வைத்தார்.

கூடலூர்:
சேலை மடியைச் சோம்பல் என்று எந்தக் குழந்தையும் நினைக்காது ஐயா. பையும் பாலும் ஒரே சொல்லில் வருகிறது. என் ஓட்டு மடிக்குட்டிக்கு.

கோத்தகிரி:
சரி, மடிக்குட்டி என்றே எழுதிவிட்டோம். கேள்வி கேட்ட மாணவியே எழுதினாள். கூகு யிமிதிர் மக்களுக்கும் ஓர் அட்டை உண்டு. எல்லோருக்கும் நன்றி.

உதகை:
பிள்ளைகளுக்கு என் வாழ்த்து. ஆனால் வாம்பட்டையும் வைக்கிறீர்களா? மண் தோண்டுகிற விலங்கு, உள்ளே மண் விழாதபடி அதன் பை பின்பக்கம் திறக்கும். எந்தச் சேலை மடி பின்பக்கம் திறக்கிறது? பறழ் என்றால் இந்தச் சிக்கலே இல்லை.

கோத்தகிரி:
வாம்பட் அட்டை இன்னும் காலியாகத்தான் இருக்கிறது ஐயா. காலை எட்டரை வரை நேரம் இருக்கிறது.